சட்டத்தின் விளிம்பில் ஒரு கை

சிதம்பரத்தில் இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி நடத்திய ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராக வரும்படி நம்மை அழைத்தபோது, அது ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடக்கூடிய எளிய காரியம் என்றே எண்ணிச் சென்றோம். மூன்று நடுவர்கள், நூற்றுச் சொச்சம் படங்கள், இரண்டு முறை தேநீர், மூன்று பரிசுகள். வீடு திரும்பும்போதோ விடை காணாத ஒரு கேள்வியைச் சுமந்து வந்தோம். அது இன்னும் நம்மை விட்டபாடில்லை. ஆகவே அதை வாசகர்கள் முன் வைக்கத் துணிகிறோம்.

போட்டிக்குக் கொடுக்கப்பட்ட பொருள் ‘நம் மாவட்டம்’ என்பது. கடலூர் மாவட்டத்தைப் படம்பிடிக்கப் புறப்படுகிறவர்கள் எங்கெங்கே போவார்கள் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். தில்லைக் கோபுரங்கள் வந்திருந்தன. நெய்வேலிச் சுரங்கம் வந்திருந்தது. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சூரியன் பத்துப் பன்னிரண்டு முறை உதித்திருந்தது. எல்லாவற்றையும் விஞ்சி நின்றது பிச்சாவரம். ‘இதயக்கனி’ திரைப்படத்தின் மூலம் 1975-ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் பார்த்த அந்தச் சுரபுன்னைக் காட்டுக்கு, 2022-இல் ராம்சார் ஈரநிலம் என்ற உலகத் தகுதியும் கிடைத்துவிட்ட பின்னர், காமிரா வைத்திருந்தும் அங்கே போகாதவர் யார்?

அந்தப் பிச்சாவரப் படங்களுள் ஒன்று எங்கள் மூவரையும் பேச்சற்றவர்களாக்கியது. விடியற்காலை, கண்ணாடி போன்ற நீர். மார்பளவு நீரில் ஓர் இருளர் பெண்மணி குனிந்து நிற்கிறார். இரு கைகளும் வேர்களுக்கிடையே நீருக்குள் மறைந்திருக்கின்றன. பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கையால் துழாவியே இறால் பிடிக்கும் அம்மக்களின் தொழிலை அறிந்தவர்களுக்குத்தான் அந்தப் படத்தின் அருமை முழுவதும் விளங்கும். மேலிருந்து வளைந்திறங்கும் வேர்கள் நீரில் விழுந்த தம் நிழலோடு சேர்ந்து ஒரு வட்டமாகின்றன. அந்த வட்டத்தின் நடுவே அவர் தனியே நிற்கிறார், உலகம் தோன்றிய நாளிலிருந்து அப்படியே நிற்பவரைப் போல. முதற்பரிசு இதற்கே என்று தீர்மானிக்க எங்களுக்கு ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை.

பெரிய போட்டிகளின் விதிகளைப் பார்த்து அந்த இளைஞர்களும் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். ஒளியையும் நிறத்தையும் அளவோடு திருத்தலாம், ஓரங்களை வெட்டலாம், ஆனால் படத்திற்குள் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, பரிசுக்குத் தேர்வாகும் படத்தின் மூலக்கோப்பைக் காட்ட வேண்டும். காமிரா கண்டதைக் கண்டபடியே, மெருகு எதுவும் இன்றிப் பதிந்து வைத்திருக்கும் கோப்பு அது. கேட்டவுடன் அந்தப் பையன் தயக்கமின்றி அனுப்பிவிட்டான். தயக்கமின்றி என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

மூலக்கோப்பில் அந்தப் பெண்மணி இருந்தார். வேர் வளைவு இருந்தது. அவருக்குப் பின்னே வலப்புறத்தில் ஒரு சுற்றுலாப் படகும் இருந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை அணிந்த ஆறு பேர் அதில் உட்கார்ந்திருந்தனர். அவர்களில் மூவர் கையில் கைப்பேசி. அம்மூன்றும் அவரை நோக்கியே உயர்ந்திருந்தன.

பையன் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவன். அவனுடைய வாப்பா நமக்கு நெடுநாளையப் பழக்கமுள்ளவர். இதனால் நம் நிலை எளிதாகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருவரும் நேரில் வந்தார்கள்.

“அந்தப் படகை ஏன் எடுத்தாய், தம்பி?” என்று கேட்டோம்.

“அது அசிங்கமா இருந்துச்சு மாமா. கண்ணு அங்கேயே போவுது. அந்தம்மா படுற பாட்டைக் காட்டத்தானே நான் எடுத்தேன்? படகு அதைக் கெடுக்குது.”

“விதி தெரியாதா?”

“தெரியும். பொய்யா எதையும் சேர்க்கக்கூடாதுன்னு நினைச்சேன். நான் ஒன்னும் சேர்க்கலையே. குப்பையை எடுத்தேன், அவ்வளவுதான்.” சற்று நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, அவன் கேட்டான்: “வலது பக்கத்தை அப்படியே வெட்டியிருந்தா பரிசு கொடுத்திருப்பீங்களா, மாமா?”

கொடுத்திருப்போம். விதி அப்படித்தான் சொல்கிறது. வெட்டினால் வேர் வட்டம் பாதியாகிவிடும் என்பதனால்தான் அவன் வெட்டவில்லை. வெட்டியிருந்தாலும் படகு போயிருக்கும், துடைத்தாலும் படகு போயிற்று. ஒன்று குற்றமில்லை, மற்றது குற்றம். இது என்ன நீதி என்று அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவன் வாப்பாவும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனந்தான் அதிகம் கனத்தது. நாங்கள் மூவரும் வாக்கெடுத்தோம். இருவர் விலக்க வேண்டும் என்றனர், ஒருவர் வேண்டாம் என்றார். விலக்கிய இருவரில் நாமும் ஒருவர்.

திருத்துவது என்பதே தவறு என்று நாம் கருதவில்லை. அப்படிக் கருதுகிறவர்கள் புகைப்படம் எப்படி உண்டாகிறது என்பதை அறியாதவர்கள். பிலிம் காலத்து இருட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிதாக்கும் கருவியின் விளக்குக்கும் காகிதத்துக்கும் நடுவே, கம்பியில் ஒட்டிய சிறு அட்டைத் துண்டை ஆட்டி நிழல் கொடுத்தால் அந்த இடம் வெளுத்து வரும், கைகளைக் குவித்து ஒரு துளை வழியாக அதிக ஒளி விட்டால் அந்த இடம் கறுத்து வரும். இவ்வாறு செய்யாமல் எந்த நல்ல அச்சும் வெளிவந்ததில்லை. கண் காண்பதைப் போலக் காமிரா காண்பதில்லை. வானத்தைப் பார்த்துக் காட்டினால் முகம் இருண்டுவிடுகிறது, முகத்துக்குக் காட்டினால் வானம் வெந்துவிடுகிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், 1855-இல் தூதுக்குழு ஒன்றோடு பர்மாவுக்குச் சென்று எடுத்த படங்களில், காகித நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாகப் பதிந்ததைக் கண்டு, தாமே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். நம் நாட்டில் இந்தக் கலை கண்விழித்த காலத்திலேயே கைவைப்பும் உடன் பிறந்துவிட்டது.

நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குவதும் பொய்யன்று. போபாலில் 1984-இல் நச்சுவாயுவுக்குப் பலியான ஒரு குழந்தையின் அடக்கத்தை இருவர் படமெடுத்தனர். பாப்லோ பார்த்தலோமியோ வண்ணத்தில் எடுத்தது அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வாயிற்று. ரகுராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தது அதற்குக் குறையாத புகழ் பெற்றது. மண்ணுக்குள் பாதி மறைந்த அந்த முகத்தை இரண்டிலும் பார்த்தவர்கள், ஒன்று மெய், மற்றது பொய் என்று சொல்லத் துணிவார்களா?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எம் தாயார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஆண்டில், கடவுச்சீட்டுக்காகச் சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு அவரை அழைத்துச் சென்றோம். அவர் ஆயுளில் அதுவே முதற்படம். சிறு வயதில் பெரியம்மை கண்டவர்; கன்னங்கள் இரண்டிலும் நிறையத் தழும்புகள். அந்த ஸ்டூடியோவில் டச்சிங் வேலை செய்த பெரியவர் இரக்கமுள்ளவர். அலுவலகத்துக்கான சிறு படங்களை அப்படியே விட்டுவிட்டு, வீட்டில் மாட்டுவதற்கான பெரிய படத்துக்கு மட்டும் நெகட்டிவை ஒளிமேசையில் சாய்த்து வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் ஒவ்வொரு தழும்பையும் புள்ளி புள்ளியாக நிரப்பிவிட்டார். நெகட்டிவில் பென்சில் படிந்த இடம் அச்சில் வெளுத்து வருமல்லவா? முகம் பளிங்குபோல வந்தது. எம் தாயார் அதை வாங்கிப் பார்த்து, “இது யாரு வாப்பா? யாரோ பணக்கார வீட்டுப் பொம்பளையா இருக்கு” என்று சிரித்தார். ஆனால் அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்.

இன்று எம் பேரக்குழந்தைகள் அறிந்த முகம் அந்தப் பளிங்கு முகந்தான். தழும்போடு கூடிய முகத்தை அறிந்தவர்களாக நாமும் எம் தமக்கையாரும் மட்டுமே எஞ்சியிருக்கிறோம். அந்தப் பெரியவர் செய்தது தவறென்று நாம் சொல்லமாட்டோம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டுச் சுவருக்காக, வீட்டாரின் மகிழ்ச்சிக்காக, எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கத்தின்படி செய்தார். எனினும் சில இரவுகளில், அந்தத் தழும்புகளை நாம் தொலைத்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

ஆக, என்ன செய்தார் என்பதைக் காட்டிலும், பார்ப்பவனுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதே கேள்வி. ஸ்டூடியோப் படம் அழகைத் தருவதாக வாக்களிக்கிறது. கற்பனைப் படங்களுக்கென்றே நடக்கும் போட்டிகளும் உண்டு. அங்கே மீனுக்குச் சிறகு வைத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ‘நம் மாவட்டம்’ என்று சொல்லி ஒரு படத்தை நீட்டுகிறவன், ‘நான் அங்கே இருந்தேன், இதைக் கண்டேன்’ என்கிறான். அவன் சாட்சி. இயற்கைப் படங்களுக்கான பன்னாட்டு அமைப்புகளின் விதியும் பத்திரிகைப் படங்களுக்கான விதியும் இதனால்தான் ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றன: வெட்டலாம், சேர்க்காதே, நீக்காதே, இடம் மாற்றாதே.

நம் ஹதீஸ்கலை அறிஞர்கள் புகைப்படத்தைக் கண்டவர்களல்லர். ஆயினும் கண்டதையும் கேட்டதையும் பழுதின்றிக் கைமாற்றுவது எப்படி என்பதில் அவர்களைப் போல வருந்தி உழைத்தவர்கள் உலகில் வேறு இருப்பார்களா என்பது ஐயமே. மொழியறிந்த அறிவிப்பாளர், சொல் மாறினாலும் பொருள் மாறாமல் அறிவிப்பதை அவர்களில் பலர் அனுமதித்தனர். ஆனால் அறிவிப்பவர் தம் விளக்கத்தை மூலத்தோடு பிரிவு தெரியாமல் கலந்துவிடுவதற்கு இத்ராஜ் என்று தனிப்பெயரிட்டுப் பிரித்து வைத்தனர். அந்த விளக்கம் சரியானதாகவே இருக்கலாம். நோக்கமும் நல்லதாகவே இருக்கலாம். எது கேட்டது, எது சேர்ந்தது என்பது அடுத்தவனுக்குத் தெரியாமற்போவதே குறை. நேரில் கேளாததை நேரில் கேட்டதுபோலத் தோன்றும் சொல்லால் அறிவிப்பதைத் தத்லீஸ் என்றனர். மூலக்கோப்பைக் காட்டு என்று இன்றைய போட்டியாளர்கள் கேட்பதும், யாரிடமிருந்து கேட்டாய் என்று அன்று கேட்டதும் ஒரே கேள்விதான்.

உலகப் பத்திரிகைப் படப் போட்டி 1955 முதல் நடந்து வருகிறது. 2010-ஆம் ஆண்டில் ஸ்டெபான் ருடிக் என்பவர் கீவ் நகரத்துத் தெருச்சண்டைகளைப் பற்றிய படத்தொகுப்புக்காக அங்கே ஒரு பரிசு பெற்றார். பிறகு அது பறிக்கப்பட்டது. அவர் அத்தொகுப்பின் ஒரு படத்தில் வண்ணத்தை நீக்கியிருந்தார், காட்சியின் பெரும்பகுதியை வெட்டி எறிந்து, துணி சுற்றிய ஒரு கையை மட்டும் நிறுத்தியிருந்தார், ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். இவை எதற்கும் தடை சொல்லப்படவில்லை. அந்தக் கைக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய காலின் நுனி கொஞ்சம் தெரிந்தது; அதைத் துடைத்திருந்தார். பரிசு போனது அதற்காக. செய்தி படித்த பலர் நகைத்தனர். காட்சியில் பெரும்பகுதியைக் கொன்றவனை விட்டுவிட்டு ஒரு கால் நுனிக்காகத் தண்டனையா என்றனர். பரங்கிப்பேட்டைப் பையன் கேட்டதும் இதையேதான்.

இதற்கு நாம் கண்ட விடை இது. படத்துக்கு நான்கு ஓரங்கள் உண்டு என்பது பார்க்கிற அனைவருக்கும் தெரியும். ஓரத்துக்கு அப்பால் என்ன இருந்தது என்பதைப் பற்றிப் படம் எதுவும் சொல்வதில்லை. அங்கே அது மௌனமாக இருக்கிறது. ஓரத்துக்குள் இருப்பதோ பேச்சு. வெட்டுகிறவன் குறைவாகப் பேசுகிறான். துடைக்கிறவன், ‘இந்த இடத்தில் நீர்தான் இருந்தது’ என்று, இல்லாத நீரைச் சொல்லுகிறான். பையன் நினைத்தது தவறு. அவன் நீக்க மட்டும் இல்லை, சேர்த்தும் இருக்கிறான். படகு இருந்த இடத்தில் அவன் வைத்த அந்த அமைதியான தண்ணீரைப் பிச்சாவரத்தில் எவரும் அன்று காணவில்லை.

இவ்வளவு சிறிய பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது 2006-ஆம் ஆண்டு. லெபனான் மீது இஸ்ரேல் குண்டு பொழிந்து கொண்டிருந்த ஆகஸ்டு மாதம். ராய்ட்டர் நிறுவனத்துக்குப் படம் அனுப்பிவந்த அத்னான் ஹாஜ் என்பவர், பெய்ரூட் நகரின் மேல் எழுந்த புகையைக் கணினியில் பிரதியெடுத்து அடர்த்தியாக்கி அனுப்பினார். புகை உண்மை, குண்டு உண்மை, இடிந்த வீடுகள் உண்மை. அவற்றுக்கு அவருடைய உதவி தேவைப்படவில்லை. ஒரே மாதிரியான புகைச் சுருள்கள் அடுக்கடுக்காக நிற்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். அந்நிறுவனம் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து விலக்கிக் கொண்டது. அன்றிலிருந்து, பெய்ரூட்டிலிருந்து வந்த மெய்யான படத்தைக் காட்டினாலும், ‘இதுவும் அந்தப் புகைதானோ’ என்று சொல்லி நகர்ந்துவிட வழி பிறந்துவிட்டது. துன்பப்பட்டவர்களின் பக்கம் நிற்பதாக எண்ணிச் செய்த பொய், துன்பப்பட்டவர்களிடமிருந்தே சாட்சியத்தைப் பறித்தது. நம்மவர் என்பதற்காக இதை மெல்லச் சொல்ல நமக்கு மனமில்லை.

அந்த ஐயத்தின் விலையைக் காஸாவின் இரண்டு குழந்தைகள் கொடுத்தார்கள். 2012 நவம்பரில் வான்தாக்குதலில் இறந்த இரு சிறுவர்களின் ஜனாஸாவை உறவினர்கள் கைகளில் ஏந்தி ஒரு குறுகிய சந்து வழியே வரும் காட்சியை, சுவீடனைச் சேர்ந்த பால் ஹான்சன் எடுத்தார். அதுவே அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் படமாயிற்று. சந்தின் ஒளி ஓவியம் போல இருக்கிறதே, இது பல படங்களை ஒட்டிச் செய்ததாயிற்றே என்று 2013 மே மாதத்தில் குற்றம் சாட்டினார்கள். போட்டி நடத்துவோர் தனி வல்லுநர்களிடம் மூலக்கோப்பைக் கொடுத்து ஆராயச் செய்தனர். நிறமும் ஒளியும் இடத்துக்கிடம் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒட்டு வேலை எதுவும் இல்லை. படம் மெய்யே என்று முடிவாயிற்று. ஹான்சன் பிழைத்தார். ஆயினும் உலகம் அந்த வாரம் முழுவதும் பேசியது ஒளியைப் பற்றி. இறந்த குழந்தைகளைப் பற்றியன்று. விதியை மீறாத ஒருவரும், மெருகைச் சற்றுக் குறைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கமாட்டார் என்றே நமக்குப் படுகிறது. அளவு என்பது இதுதான். காட்சியை விட்டுவிட்டுக் கைவேலையின்மேல் கண் போகத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாண்டு கழித்து, 2015-இல், அதே போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்று வரை வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு விலக்கப்பட்டது. சிறு பொருள்களைத் துடைத்துக் காட்சியைத் துப்புரவாக்கியதும், மெருகு மிஞ்சியதும் காரணங்கள். உலகம் முழுவதும் நம் பையனைப் போன்றவர்கள்தாம்! அதன்பின் வந்த செயற்கை அறிவுப் படங்களைப் பற்றி நாம் அதிகம் எழுதப் போவதில்லை. 2023-இல் சோனி நிறுவனத்தின் பெயரால் நடக்கும் உலகப் போட்டியில் அத்தகைய படத்துக்குப் பரிசு கிடைத்தபோது, அதை அனுப்பிய ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன் தாமே பரிசை மறுத்துவிட்டார். சாட்சி இல்லாத இடத்தில் சாட்சியத்தைப் பற்றி என்ன பேசுவது?

இப்போது கடலூருக்குத் திரும்ப வேண்டும். பையனின் கேள்விக்கு நாம் சொன்ன விடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை நமக்குக் காட்டியது கடலூரில் எடுக்கப்பட்ட ஒரு படம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நம் கரையோரத்தார் யாருக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டு போயிற்று. இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். ஒரு பெண்மணி மணலில் விழுந்து கிடக்கிறார். இரு கைகளும் விரிந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்திருக்கின்றன. முகம் மணலோடு மணலாக. படத்தின் ஓரத்தில், இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. உடல் இல்லை, முகம் இல்லை, ஒரு கை. 60,000-க்கும் மேற்பட்ட படங்களுக்கிடையே அது 2004-ஆம் ஆண்டின் உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அழகியல் வகுப்பெடுக்கிற ஒருவரிடம் அந்தப் படத்தைப் பெயர் சொல்லாமல் கொடுத்தால், அவர் முதலில் என்ன சொல்வார்? ‘ஓரத்தில் ஏதோ அறுபட்டு நிற்கிறது, கண்ணை இழுக்கிறது, வெட்டிவிடு’ என்பார். வெட்டினால் விதி மீறலாகாது. கால் நுனியைத் துடைத்த ருடிக் அதை வெட்டி எடுக்க முடிந்திருந்தால் தப்பியிருப்பார் அல்லவா? அப்படியே இங்கும் அந்தக் கை போயிருக்கலாம், எந்தச் சட்டமும் தடுத்திருக்காது. ஆனால் கை போய்விட்டால் என்ன மிஞ்சும்? மணலில் கிடந்து அழும் ஒரு பெண். ஏன் அழுகிறார்? யாருக்காக? எதுவும் இல்லை. கை இருப்பதனால்தான் அது சுனாமி. கை இருப்பதனால்தான் அந்த அழுகைக்கு ஓர் உரியவர் இருக்கிறார்.

படத்தைச் சுற்றியிருப்பதையும் சட்டம் என்கிறோம், நடந்துகொள்ள வேண்டிய விதியையும் சட்டம் என்கிறோம். போட்டிக்காரர்களின் சட்டம், படச்சட்டத்துக்கு உள்ளே நடக்கும் பொய்யைத் தடுக்கும். சட்டத்தை எங்கே வைப்பது என்பதை அது சொல்லித் தராது. ஓரம் மௌனம் என்று சற்று முன்னர் எழுதினோம். மௌனத்திலும் சாட்சியத்தை மறைக்கும் மௌனம் உண்டு என்பதை மறந்து எழுதினோம். பையன் வலப்புறத்தை வெட்டி அனுப்பியிருந்தால் நாம் முதற்பரிசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்போம். படகையும் மூன்று கைப்பேசிகளையும் பற்றி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். விதி காப்பாற்றப்பட்டிருக்கும், பிச்சாவரம் பொய்யாகியிருக்கும்.

ஆகவே அந்தப் பையனை விலக்கியது சரியே என்று இன்றும் கருதுகிறோம். அவனுக்கு நாம் சொன்ன காரணம் போதாது என்றும் கருதுகிறோம். ஒளியைத் திருத்தினானா, ஓரத்தை வெட்டினானா, உள்ளே துடைத்தானா என்று வரிசையாகக் கேட்டு வந்தோம். படத்தில் இருக்கும் அந்த மனிதருக்கு இதனால் என்ன நேர்ந்தது என்று கேட்க மறந்தோம். ஆர்கோ தத்தாவே 2002 குஜராத் கலவரத்தின்போது, கண்ணீரோடு கைகூப்பி நின்ற ஒருவரைப் படமெடுத்தார். ஒரு மயிரிழைகூடத் திருத்தப்படாத சாட்சியம் அது. எனினும் அந்த முகம் அவர் விருப்பத்தைக் கேளாமலே கட்சிச் சுவரொட்டிகளில் ஏறியது. தம்மை விட்டுவிடும்படி அவர் பகிரங்கமாக வேண்டிக்கொண்டார். திருத்தாத படமும் ஒருவரைத் தூக்கிச் சென்று வேறெங்கோ வைத்துவிடக்கூடும் என்பதை அதிலிருந்து அறிகிறோம்.

நாம் இதையெல்லாம் எண்ணிக் குழம்பிக் கொண்டிருந்த நாள்களில் அந்தப் பையன் எண்ணிக் கொண்டிருக்கவில்லை. விலக்கப்பட்ட வருத்தம் தீர்ந்தபின், மூலக்கோப்பையே ஒரு பெரிய அச்சாகப் போட்டு, படகோடும் மிதவைச் சட்டைகளோடும் எடுத்துக்கொண்டு, கிள்ளைப் பக்கம் போய் அந்தப் பெண்மணியின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறான். தயக்கமின்றி மூலக்கோப்பை அனுப்பிய பையன் என்று முன்பே சொன்னோம். அது அவன் இயல்பு. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் நம்மைப் பார்த்துச் சொன்னான். அவர் படத்தை வாங்கித் தம்மைப் பார்க்கவில்லையாம். முதலில் விரல் வைத்தது படகின்மேல்தானாம்.

“இவுங்க வந்தா மோட்டார் சத்தத்துல எறா எல்லாம் உள்ள ஓடிப்பூடும் தம்பி. அன்னிக்கு ஒரு பறி ரொம்பல.”

பிறகு அவர் ஒரு விண்ணப்பமும் வைத்திருக்கிறார். இந்தப் படம் இருக்கட்டும். நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒரு படம் எடுத்துத் தா. பின்னால் இந்தத் தண்ணீர் வேண்டாம், ஸ்டூடியோவில் போடுவார்களே, மலையும் அருவியும், அதுபோலப் போட்டுத் தா என்று. பையன் போட்டுக் கொடுத்துவிட்டான். சேர்த்தும், நீக்கியும், நிறத்தைக் கூட்டியும், போட்டோஷாப்பில் தெரிந்த வித்தைகளையெல்லாம் செய்து, சட்டம் போட்டு, ஆணியும் வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டுச் சுவரில் தானே மாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

“அது தப்பா, மாமா?” என்று கேட்டான்.

அந்த வீட்டுச் சுவரில் நம்மை எவரும் நடுவராக அமர்த்தவில்லை என்று சொல்லி அனுப்பினோம். எம் தாயாரின் படத்தை அன்று மாலை அலமாரியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தோம்.